சும்மா விடமாட்டார்

அப்பா வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. இரண்டு முறை குளியலறையில் விழுந்து, இடுப்பில் தகடு வைத்துக்கொண்ட எண்பத்தோரு வயதுக்காரர். ஒரு பெட்டி, ஒரு ரேடியோ, ஒரு ஸ்க்ரூ டிரைவர், இவ்வளவுதான் சாமான். முதியோர் இல்லத்து வாசலில் சக்கர நாற்காலி வந்து நின்றது. அங்கே யாரும் அவரை ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருக்கவில்லை. பேசுவதற்கு நேரமே இருந்திருக்கவில்லை. அதற்குள் மூத்த மகன் வரவேற்பறையின் நடுவில் நின்று, மாடிவரை கேட்கும்படி அறிவித்துவிட்டார்:

“அப்பா, இங்க ஒரு சின்னக் குறைன்னு என் காதுக்கு வரட்டும். சும்மா விடமாட்டேன்!”

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். பஸ் பத்து நிமிடம் தாமதமானால் சும்மா விடமாட்டார். வாங்கிய மறுநாளே செருப்பு வார் அறுந்தால் சும்மா விடமாட்டார். மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்தாலும், வங்கியில் வரிசை நகராவிட்டாலும், மழை சொன்ன நாளில் பெய்யாவிட்டாலும் யாரோ ஒருவரை, எங்கோ ஓரிடத்தில், கண்டிப்பாகச் சும்மா விடமாட்டார். சரி, இதுவரை யாரைப் பிடித்திருக்கிறார்? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை. வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே ‘சும்மா விடமாட்டார்’. அது அவருக்கும் தெரியும். பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

எட்டாவது வாரம் குறை வந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு மணியடித்தால், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிய மனிதர். முப்பத்தெட்டு வருடம் ஓடினார். அதனால் மணி அடித்தால் ஆள் வரவேண்டும் என்று அவர் நம்பியதில் தவறில்லை. கட்டிலோரம் தொங்கிய மணியை ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை அமுக்கினார். எழுந்து கழிப்பறைக்குப் போக ஒரு கை வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனும் மகளும் போய்ப் பார்த்தபோது, மணியின் ஒயரைச் சுருட்டிச் சுவரில் உயரமான கொக்கியில் மாட்டியிருந்தார்கள்.

“டேய், மணியை எடுத்துட்டாங்கடா,” என்றார் அப்பா.

“எடுக்கல சார், இடம் மாத்தியிருக்கோம்,” என்றார் பணிப்பெண்.

எழுந்து நிற்க முடிந்தவர்களுக்கு மட்டும் எட்டும் மணி.

நம்மவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “மேனேஜர் எங்க? இன்னிக்குக் கிழிச்சுத் தொங்கவிடுறேன்!” என்று நடைபாதை அதிர நடந்தார். மற்ற அறைகளிலிருந்து நாலைந்து நரைத்த தலைகள் ஆவலோடு எட்டிப் பார்த்தன. மேலாளர் அம்மாள் எழுந்து வணக்கம் சொன்னார், நாற்காலி காட்டினார், மின்விசிறியைக் கூட்டினார், “சொல்லுங்க சார்” என்றார்.

“இல்ல மேடம்… சும்மா பாத்துட்டுப் போலாம்னு. நீங்க செய்யறது பெரிய சேவை மேடம். எங்களால முடியுமா?”

திரும்பி வரும்போது நடைபாதை மறுபடியும் அதிர்ந்தது. “சொல்லிட்டேன்! நல்லா உறைக்கிற மாதிரி சொல்லிட்டேன்!”

வாசலில் ஒரு வருகைப் பதிவேடு உண்டு. பெயர், வந்த நேரம், போகும் நேரம், கடைசிக் கட்டத்தில் ‘கருத்து’. நூலில் கட்டிய பேனாவை எடுத்து, நம்மவர் அழகான கையெழுத்தில் எழுதினார்: திருப்தி. எல்லா வாரமும் எழுதியதுதான். வரவேற்பறைப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன எழுத முடியும்? மேலே எழுதியவரும் திருப்தி, அதற்கு மேலே எழுதியவரும் திருப்தி. தான் மட்டும் முரட்டு ஆள் என்று பெயர் எடுப்பானேன்? பதிவேடு வேறு, போராட்டம் வேறு.

போராட்டம் வீட்டில் நடந்தது. இல்லத்துச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: குறை இருந்தால் ஒரு பக்கப் படிவத்தை நிரப்பி மேலாளரிடம் தரலாம், பதினான்கு நாட்களில் பதில் வராவிட்டால் குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு அனுப்பலாம், இல்லத்தில் இருப்பவரே எழுதலாம், கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. தங்கை அதைப் போனில் படம் பிடித்து வந்து காட்டினாள். அண்ணன் சிரித்தார். ஒரு பக்கத்தில் அடங்குகிற அநியாயமா இது? நீல நிறத்தில் கோப்பு வாங்கினார். நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்த நண்பருக்கு வாரம் மூன்று காபி வாங்கிக் கொடுத்தார். மனு, மனித குலத்தில் முதுமை என்பதிலிருந்து தொடங்கியது. ஆறாம் பக்கத்தில் அப்பா பிறந்தார். இருபத்து மூன்றாம் பக்கத்தில்தான் மணி வந்தது.

“அண்ணா, ‘மணியைக் கைக்கு எட்டுற இடத்துல வைங்க’ன்னு ஒரு வரி எழுதினாப் போதாதா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. லேசா எழுதினா லேசாத் தூக்கிப் போட்டுருவாங்க. கையில வாங்கும்போதே கனக்கணும்.”

“நேத்து படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டாராம். ஈரத்துலயே ஒன்றரை மணி நேரம் கிடந்திருக்கார்ணா.”

அவர் பேனாவை மூடி வைத்தார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

“அதையும் சேர்த்துடலாம்,” என்றார். “இருபத்தி நாலாம் பக்கத்துல இடம் இருக்கு.”

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லத்து வரவேற்பறையில் யாரிடமோ சட்டம் பேசிக்கொண்டிருந்தபோது, அப்பா மகளிடம் மெதுவாக, “உன்கிட்ட பேனா இருக்காம்மா?” என்று கேட்டார். நம்மவருக்கு இது தெரியாது. அவர் வாசலுக்கு வந்து, நேரம் குறித்து, திருப்தி என்று எழுதிவிட்டுக் கிளம்பினார். அடுத்த வாரமும். அதற்கு அடுத்த வாரமும்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் போனால், மணி கட்டிலோரத்தில் தொங்குகிறது. அப்பா ஸ்க்ரூ டிரைவரால் அதன் பின்மூடியை முறுக்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை அமுக்கினார். பணிப்பெண் ஓடி வந்தார்.

“என்ன தாத்தா?”

“ஒண்ணுமில்லம்மா. வர்றியான்னு பாத்தேன்.”

நம்மவர் நெஞ்சை நிமிர்த்தினார். “பாத்தீங்களா! அன்னிக்கு மேனேஜரை நான் முறைச்ச முறைப்பு!”

அப்பா மகளைப் பார்த்தார். மகள் ஜன்னலைப் பார்த்தாள். “ஆமாண்டா,” என்றார் அப்பா. “உன்னாலதான்.”

மணி வந்துவிட்டது, சரி. நாற்பத்தொரு பக்கத்தை என்ன செய்வது? மேலும் மூன்று மாதம் செதுக்கி, பதிவுத் தபாலில் குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தடையில்லை. ஆனால் போன வாரம் ஓட்டலில், மருத்துவமனையில், பிள்ளையின் பள்ளியில் ஒரு தாளை நீட்டி ‘கருத்து’ கேட்டார்களே, வழியெல்லாம் பொருமிக்கொண்டு போன நீங்கள் அதில் என்ன எழுதினீர்கள்? வீட்டுக்கு வந்து என்ன பேசினீர்கள்? அந்தத் தாள்கள் எங்கேயும் போய்விடுவதில்லை. யாரோ ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

எட்டு மாதம் கழித்து நம்மவருக்குப் பதில் வந்தது. ஒரே பக்கம்.

“ஐயா, தங்கள் மனு கிடைத்தது. இதே குறை குறித்துத் தங்கள் தந்தை தம் கைப்பட எழுதிய ஒரு வரிப் புகாரின் பேரில் ஏற்கெனவே விசாரணை நடந்து, மணி உரிய இடத்தில் வைக்கப்பட்டுவிட்டது. விசாரணையின்போது, குறை ஏதுமில்லை என்பதற்குச் சான்றாக இல்லத்தின் தரப்பில் வருகைப் பதிவேடு காட்டப்பட்டது. மணி அகற்றப்பட்ட பின்னரும் அதில் தங்கள் கையெழுத்தில் ஒன்பது இடங்களில் ‘திருப்தி’ என்று உள்ளது. இதனால் எமது முடிவு மூன்று வாரம் தள்ளிப்போனது. இது பற்றிக் கேட்டபோது தங்கள் தந்தை கூறியது அப்படியே பதிவாகியுள்ளது: ‘திருப்தி அவனுக்குத்தான் சார். அவன் வீட்டுக்குப் போய்த்தானே ஒண்ணுக்குப் போறான்.’ மனு, பதிவேடு ஆகிய இரண்டில் தங்கள் கருத்து எது என்பதைப் பதினான்கு நாட்களுக்குள், ஒரு வரியில் தெரிவிக்கவும்.”