வராத கிரைண்டருக்கு நான் ஆட்டிய மாவு

வயசானால் கோபம் குறையும் என்கிறார்கள். எனக்குக் குறையவில்லை. "முன்பதிவு நடைபெறுகிறது" என்று எந்தக் கடை வாசலில் பலகை பார்த்தாலும் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாதிக் கோபம் ஒரு மேனேஜர் மேல். மீதி, அவனை நம்பி ஊரெல்லாம் வாய் கிழியப் பேசிய வசந்தா என்கிற இருபது வயது அசடு மேல். (அது நான்தான். பழியை வேறு யார் மேலாவது போடலாம் என்று பல வருடம் யோசித்தேன். ஆள் கிடைக்கவில்லை.)

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருடம் அது. டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு, கள்ளக்குறிச்சியில் புதிதாக வந்த கிரைண்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி என்றால் ஒரு மேசை, சஃபாரி சூட் போட்ட ஒரு மேனேஜர், கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு கிரைண்டர். "தொடாதீர்கள்" என்று அட்டை எழுதி அதில் ஒட்டியது என் முதல் வேலை. சரக்கு கோயம்புத்தூரில் தயாராகிறது, இப்போதே பணம் கட்டினால் தீபாவளிக்குள் வீடு தேடி வரும் என்று தெருத் தெருவாகச் சொல்வது இரண்டாவது வேலை. "ஆட்டிக் காட்டு" என்று யாராவது கேட்டால், "கரண்ட் இல்லீங்களே" என்பேன். பாதி நாள் அது உண்மையாகவும் இருந்தது.

எங்கள் தெருமுனையில் கன்னியம்மா அக்கா இட்லிக் கடை வைத்திருந்தார். அந்தக் கடைதான் அவருக்குச் சோறு. தோள்பட்டை வலியோடு தினமும் ஆட்டுக்கல்லில் படிக்கணக்கில் மாவு ஆட்டுவார்.

"இன்னா பாப்பா, மெய்யாலுமே வந்துருமா?"

"தீவாளிக்கு உன் கடையில மிஷின் மாவு இட்லிதாங்க்கா. நான் சொல்றேன் இல்ல?"

சீட்டு எடுத்துக் கட்டினார். கிரைண்டர் வைக்க இடம் வேண்டுமே என்று ஆட்டுக்கல்லை விற்கச் சொன்னதும் நான்தான். சந்தைக்கு வந்த கல்வராயன் மலைக்காரர் ஒருவருக்கு நானே நின்று விலை பேசிக் கொடுத்தேன். "கீழ எல்லாம் இனிமே மிஷின்தாங்க" என்று அவருக்கு ஒரு பிரசங்கம் வேறு. (கொழுப்பு.)

அடுத்த வாரம் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். சேலம் ரோட்டில் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் ஓடவில்லை.

"லாரி சின்னசேலத்துகிட்ட மாட்டிக்கிச்சும்மா" என்றான் மேனேஜர். நம்பினேன். மறியல் முடிந்தது. வெட்டின மரம் விறகாகி, அடுப்பில் எரிந்து, அந்தச் சாம்பலில் ஊரே பாத்திரமும் தேய்த்தாகிவிட்டது. அவன் லாரி மட்டும் மரத்துக்குப் பின்னாலேயே நின்றது. என் சித்தப்பா மகன் அப்போது மறியல் கேசில் ஜெயிலில் இருந்தான். பிள்ளைகள் படிக்க, வேலைக்குப் போக வழி கேட்டு ரோட்டில் உட்கார்ந்த ஜனங்கள் மேல் தன் திருட்டைத் தூக்கிப் போட்டானே, படுபாவி, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு அக்கா நேராக ஆபீசுக்கே வந்தார். மேனேஜர் டிபன் சாப்பிடப் போயிருந்தான்.

"வர்றது எப்பனா வரட்டும். இங்க இருக்கறத தூக்கினு போறேன். நீ அந்தப் பக்கம் புடி."

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சுப் பிடித்துத் தூக்கினேன். காலி டப்பா மாதிரி மேலே வந்தது. தூக்கின வேகத்தில் நான் பின்னால் போய் மேசைமேல் உட்கார்ந்தேன். வெறும் தகரம், வெள்ளிப் பெயின்ட். மோட்டார் கிடையாது. கல் என்று நான் வீடு வீடாகச் சத்தியம் செய்தது தெர்மாகோல். (மூன்று மாதம் தினமும் துடைத்தேன். கண்ணாடிப் பெட்டியை மட்டும்.)

டிபனுக்குப் போனவன் திரும்பவே இல்லை. அக்கா என்னைத் திட்டவும் இல்லை. "நாளைக்கி இட்லிக்கு இன்னா பண்றது?" என்று மட்டும் கேட்டார். நாலு அறை விட்டிருந்தால் தேவலாம்.

மறுநாள் கச்சிராயபாளையம் வரை பஸ், அப்புறம் நடை என்று மலை ஏறிப்போய், அக்காவின் கல்லை வாங்கிப் போன மனிதரைக் கண்டுபிடித்தேன். அவர் மனைவி அதே கல்லில் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கீழதான் மிஷின் வந்துருச்சே. உனக்கு எதுக்கும்மா கல்லு?" என்றார் அவர். கிண்டலாகக் கூட இல்லை, நிஜமாகவே கேட்டார். "எங்களுக்கு இன்னும் கரண்டே வரல. வரட்டும், தரேன்."

வெறும் கையோடு இறங்கினேன். அன்றிலிருந்து மூன்று மாதம், கன்னியம்மா அக்கா கடைக்கு எங்கள் வீட்டுக் கல்லில் நான் மாவு ஆட்டினேன். கை கொப்புளித்தது. அந்த மேனேஜரை நினைத்து நினைத்துக் குழவியைச் சுற்றினேன். மாவு அவ்வளவு நைசாக வந்தது.

தை மாதம் அக்கா வேறு கல் வாங்கினார். மாசியில் மணலூர்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி போட உதவிக்கு வந்திருந்த அக்காவிடம், "பொண்ணு எப்படிங்க?" என்று மெதுவாக விசாரித்தார் மாப்பிள்ளையின் அம்மா. கதவுக்குப் பின்னால் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அது வாயி சொல்றத நம்பாதீங்க" என்றார் அக்கா. "கைய நம்பலாம்."

கல்யாணம் ஆயிற்று. இன்றைக்கும் நான், "இதோ பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்" என்றால் என் கணவர், "வாய் சொல்லுதா, கை சொல்லுதா?" என்று கேட்கிறார். இப்போது பேத்தியும் கேட்க ஆரம்பித்துவிட்டாள். அப்போது எனக்கு வருகிற கோபமெல்லாம் அந்த மேனேஜருக்குப் போய்ச் சேர வேண்டியது.