கால் சுற்றுத் திறந்த குழாய்

இனி மனைவிக்கு அடங்கிப் போவதில்லை என்று டைம்கீப்பர் முடிவு செய்தார். அவளைத் திரும்ப வரவழைப்பது என்றும் கூடவே முடிவு செய்தார். சிக்கலே அங்கேதான்.

அவருக்கு பஸ் டிப்போவில் வேலை. நாள் முழுக்க வண்டிகளைப் பார்த்து "போகலாம், போகலாம்" என்று கையசைப்பார். ஏதோ ஒன்றுமில்லாத சண்டையில் மனைவி, "நான் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள். பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. "போகலாம்" என்றார். கையும் அசைந்தது.

அக்கா வீடு ஒன்றும் கடல் தாண்டி இல்லை. அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே. "வாயைத் திறந்து 'வா'ன்னு கூப்பிடட்டும், வர்றேன்" என்று சொல்லி அனுப்பினாள். நம் ஆளா கூப்பிடுவார்?

ஆனால் ஏக்கம் ஆளை அரித்தது. வீட்டில் திட்ட ஆளில்லை. மின்விசிறியை அணைக்காமல் கிளம்பினால் ஏன் என்று கேட்க நாதியில்லை. கட்டடத்தின் நடுவே கிணறு போல ஓர் இடைவெளி உண்டு. எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னலும் அதில்தான் திறக்கும், தண்ணீர்க் குழாய்களும் அதில்தான் ஏறும். மேலேயிருந்து அவள் குரல் அதன் வழியாக அரையும் குறையுமாக இறங்கும். அதைக் கேட்பதற்காகவே குளித்த பிறகும் ஈரத்துண்டோடு நின்றார். தும்மல் வந்ததுதான் மிச்சம்.

அப்படி நின்ற ஒரு நாள்தான் வழி பிறந்தது. வாஷர் தேய்ந்த அவர் வீட்டுக் குழாயைக் கால் சுற்று திறந்தால் கட்டடத்துக் குழாய்கள் எல்லாம் கடகடவென்று அதிர்ந்தன. முழுக்கத் திறந்தால் சத்தமே இல்லை. அக்கா வீட்டில் நிம்மதி போனால் தங்கை தானாகக் கீழே வருவாள். கூப்பிட வேண்டியதே இல்லை.

கட்டடம் அலறியது. அவள் வரவில்லை. பொறுக்க மாட்டாமல், குழாயைக் கால் சுற்றில் விட்டுவிட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பைத் தானே தலையில் போட்டுக்கொண்டு, எவர்சில்வர் டம்ளரோடு மேலே போனார்.

கதவைத் திறந்தது மனைவி. பார்த்து எத்தனை நாளாயிற்று. மனிதருக்குச் சொல்ல வந்தது மறந்தே போயிற்று.

"என்ன வேணும்?"

"குழாயைப் பாக்கணும்."

"குழாயை மட்டுந்தானே?"

"ம். குழாயைத்தான்."

"டம்ளர் எதுக்கு? தண்ணி வேணுமா?"

"குழாய்ல வெச்சுக் கேக்கறதுக்கு. நீ எப்படி... உங்க அக்கா எப்படி இருக்காங்க?"

"தலைவலியில படுத்திருக்காங்க. குழாய் உபயம்."

அவரைக் குளியலறைக்கு இழுத்துப் போய்ச் சுவரோரம் நிறுத்தினாள். "தனி ஆளா எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஒருத்தர் குழாயைத் திறந்து மூடணும், ஒருத்தர் சத்தத்தைக் கேக்கணும். நான் நம்ம வீட்டுக்குப் போய் மூடிப் பாக்கறேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க, அப்பதான் நல்லாக் கேக்கும்."

இத்தனை வீடு இருக்க, அங்கே ஏன் போகிறாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. 'நம்ம வீடு' என்றாளே, அதிலேயே உருகிவிட்டார். டம்ளரைக் குழாயில் ஒட்டி, காதை டம்ளரில் ஒட்டி, கண்ணை இறுக மூடினார்.

சற்று நேரத்தில் சத்தம் நின்றது. ஜன்னல் வழியே, "நின்னுடுச்சு" என்றார். பதில் இல்லை. "நின்னுடுச்சும்மா." அதற்கும் இல்லை. கோபித்துக்கொண்டு வேறெங்காவது போய்விட்டாளோ? ஒருவழியாகக் குரல் வந்தது.

"நின்னுடுச்சா? அப்ப நான் மேல வந்துடட்டுமா?"

"வேணாம்."

"வேற என்ன செய்ய?"

"அங்கயே இரு."

"கேக்கல."

"அங்கயே இருன்னேன்."

"எதுக்கு? சத்தமாச் சொல்லுங்க."

வேறு வழியில்லை. டிப்போக் குரலை எடுத்தார். "வீட்டுக்கு வந்துடு. நீ இல்லாம என்னால இருக்க முடியல. வா."

சத்தம் ஓய்ந்த கட்டடத்தில் அந்த 'வா' மொட்டைமாடி வரை போயிற்று. ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. "வந்துடுங்கக்கா, பாவம்" என்று கீழ்வீட்டு டெய்லர் பரிந்து பேசினார்.

மானம் போனால் போகிறது என்று படிகளைத் தாவித் தாவி இறங்கினார். அவள் நடுக்கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ உக்காரு," என்றார் மூச்சு வாங்க. "உன் பையை நானே போய் எடுத்துட்டு வர்றேன்."

"நீங்க கண்ணை மூடினதுமே எடுத்துட்டு வந்துட்டேங்க. துணியெல்லாம் பீரோவில அடுக்கிட்டிருந்தேன், அதான் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாயிடுச்சு."