பானுமதியின் பத்து நிமிடம்

பானுமதி கண்ணை மூடினால் போதும், அந்த வீட்டில் யாருக்காவது ஏதாவது ஒரு சாமான் காணாமல் போய்விடும்.

முதலில் மகன் மாரிசெல்வத்தின் சார்ஜர். அதைத் தேடிக் கொடுத்துவிட்டு மறுபடி சம்மணம் போட்டால், கணவன் சுடலைக்கண்ணனின் சட்டை. சட்டை அவன் தோளில்தான் கிடந்தது. மூன்றாம் முறை உட்கார்ந்து மூச்சை இழுத்தபோது குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. தாராவியில் தண்ணீர் வரும் நேரத்தில் தியானம் செய்ய முனிவர்களாலும் முடியாது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஆசைப்பட்டு அவள் இதை ஆரம்பிக்கவில்லை. ஸ்கூல் பைகளுக்கு ஜிப் தைத்துத் தைத்துத் தலைவலி நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. பிபி லேசாக ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. தினமும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனித்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள், அப்போதும் குறையாவிட்டால் மாத்திரைதான் என்றும் சொல்லி அனுப்பினார். மகன் போனில் ஒரு இந்திக்காரரின் குரலைப் போட்டுக் கொடுத்தான். எண்ணங்கள் வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று அவர் நிதானமாகச் சொல்லுவார். அவர் வீட்டில் சார்ஜர் தொலைவதில்லை போலிருக்கிறது.

சுடலைக்கண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் பெண்டாட்டி வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"சும்மாதான இருக்க, ஒரு டீ போடேன்" என்றான்.

டீ போடும்போது பானுமதிக்கு ஒரு யோசனை வந்தது. மறுநாள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்காராமல், சுடலைமாடன் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். சாமிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளைக் கூப்பிட அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. சார்ஜர் தானாகக் கிடைத்தது. பத்து நிமிடமும் முழுசாக அவளுக்கே கிடைத்தது. எழுந்தபோது கழுத்து லேசாக இருந்தது. அன்றைக்குச் சாம்பாரில் உப்புக்கூடச் சரியாக விழுந்தது.

அந்த நிம்மதி எதிர்வீட்டு மீனாட்சியம்மாள் கண்ணில் படும்வரைதான் நீடித்தது. அந்தச் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. மீனாட்சியம்மாள் வாசலில் நின்று, கொலுசைக் காணோம், நீ பார்த்தாயா என்று கேட்டாள். மூச்சு கலைந்துவிடக் கூடாதே என்று பானுமதி கண்ணைத் திறக்காமல், கொஞ்சம் பொறு என்பதுபோல் கையை மட்டும் உயர்த்தினாள். மீனாட்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள், பானுமதிக்குச் சாமி வருகிறது, குறி சொல்கிறாள் என்று சந்து முழுக்கப் பரவிவிட்டது. அவள் கை காட்டிய திசையில்தான் கொலுசு கிடந்ததாம்.

"எக்கா, நான் ஒண்ணுமே சொல்லலயே" என்று பானுமதி எதிர்வீட்டுக்கே போய்ச் சொன்னாள்.

"சொல்லாமலே கெடச்சிருச்சே, அதாம்ட்டி விசேஷம்."

மறுநாள் நாலைந்து பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். விரட்டவும் மனசில்லை, வாயில் வந்ததைச் சொல்லவும் பயம். யோசித்து ஒரு சட்டம் போட்டாள். இங்கே யாரும் கேள்வி கேட்கக் கூடாது. போனை வெளியே வைத்துவிட வேண்டும். கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும், பதில் அவரவருக்கு உள்ளேயே வரும். இப்படி ஒரு குறிக்கு யார் வருவார்கள், இரண்டு நாளில் ஓடிவிடுவார்கள் என்று நம்பினாள்.

மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கானது. ஒருத்தி தையல் மெஷினுக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டாள். பக்கத்துச் சந்து சஃபீனா புர்காவோடு வந்து, சாய்ந்துகொள்ளத் தோதான சுவர் மூலையைப் பிடித்துவிட்டாள். நீ எதற்கம்மா இங்கே என்று பானுமதி கேட்டதற்குத் தலைவலி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சரி, சீரியல் ஓடும் மத்தியான நேரத்துக்கு மாற்றினால் ஒருத்தியும் வரமாட்டாள் என்று மாற்றிப் பார்த்தாள். அவளுக்கு முன்னாலேயே வந்து வாசலில் காத்திருந்தார்கள்.

சுடலைக்கண்ணனுக்கோ பெருமை தாங்கவில்லை. அவன் வேலை பார்க்கும் தோல் பட்டறையில் இப்போது நாற்காலி போடுகிறார்களாம். டீயைக்கூட அவனே போட்டுக்கொண்டான். பானுமதிக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. மாடன் பெயரைச் சொல்லி அக்கம்பக்கத்தையே ஏமாற்றுகிறோமே, என்றைக்காவது தெரிந்தால் இந்தச் சந்தில் எப்படித் தலைகாட்டுவது? மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் அந்தப் பயம்தான் உள்ளே போய் வெளியே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மீனாட்சியம்மாளின் கணவர் வெயிலுமுத்து பழத்தட்டோடு வந்து நின்றார். மகனுக்கு இங்கே பம்பாயில், விக்ரோலியில் ஒரு பெண், ஊரில் ஒரு பெண் என்று இரண்டு இடம் வந்திருக்கிறது.

"வெள்ளிக்கெழம நீ ஒரு வார்த்த சொல்லிரும்மா. நீ சொல்லுத எடத்துல முடிச்சிருதேன்."

கொலுசு என்றால் போகட்டும். இது ஒரு பையனுடைய வாழ்க்கை. முகம் தெரியாத இரண்டு பெண்களுடைய வாழ்க்கையும்கூட. மானம் போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று பானுமதி முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெயிலுமுத்து வாசலில் கைகட்டி நின்றார். உள்ளே பெண்கள் வழக்கம்போல் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார்கள். பானுமதி முதல் தடவையாகக் கதவைச் சாத்தினாள்.

"எல்லாரும் என்னய மன்னிச்சிருங்க. எனக்குச் சாமியும் வரல, குறியும் தெரியாது. பிபிக்காக மூச்சக் கவனிச்சுக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான்."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஒருத்தியும் கண்ணைத் திறந்திருக்கவில்லை. மெஷினுக்கு அடியில் நீட்டியிருந்த கால்கள் இன்னும் கொஞ்சம் நீண்டன.

மீனாட்சியம்மாள் மட்டும் ஒரு கண்ணைத் திறந்தாள். "அவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன், நீ உக்காரு" என்றுவிட்டு அதையும் மூடிக்கொண்டாள்.

பானுமதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?" என்று குரலை உயர்த்தினாள்.

மூலையிலிருந்து சஃபீனா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"மெதுவாப் பேசுங்கக்கா, வெளிய மாமா நிக்காங்க. இவங்கல்லாம் வீட்டுல குறி கேக்கப் போறோம்னு சொல்லிருக்காங்க, நான் ஜிப் தைக்கப் படிக்கப் போறேன்னு சொல்லிருக்கேன். சும்மா உக்காந்துட்டு வாரோம்னா, எந்த வீட்டுலக்கா விடுவாங்க?"