ஏழு நாளில் காய் சாப்பிட வைப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு, என் ஆறு வயது மகளைக் காய் சாப்பிட வைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். அப்போது அவள் தட்டின் ஓரத்தில் பதினேழு பீன்ஸ் துண்டுகள் வரிசையாக ஒதுங்கியிருந்தன. எண்ணிப் பார்த்தேன்.

"இவ்வளவு நாளா நீ என்னதான் பண்ணிட்டிருந்தே?" என்று மனைவியைக் கேட்டேன்.

"சமைச்சிட்டிருந்தேன்."

"சமைச்சாப் போதுமா? பக்குவமா எடுத்துச் சொல்லணும். இவளை என்கிட்ட விடு."

நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். நன்றாக நடந்துபோகிற மனிதரை உட்கார வைத்து, அவர் போன பிறகு குடும்பம் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று விளக்கி, அவரே சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போடும்படி செய்கிறவன். பீன்ஸ் எம்மாத்திரம்?

மனைவி மறுக்கவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி, நான் குறுக்கே வரல. ஆனா திட்டக் கூடாது. சாக்லேட் தரேன்னு ஆசை காட்டக் கூடாது. டிவி போட்டு ஊட்டக் கூடாது."

"ஒத்துக்கறேன்."

"அவ தட்டுல என்ன இருக்கோ அது உங்க தட்டுலயும் இருக்கணும். குழந்தைங்க கேட்டுக் கத்துக்கறதில்ல, பார்த்துத்தான் கத்துக்கும்."

இங்கே ஒரு சிறு தகவல். பீன்ஸ் எனக்கும் ஆகாது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், கீரை ஆகியவையும் ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து என் தட்டுக்கு வந்த காய்களையெல்லாம் வந்த வழியே பாத்திரத்துக்குத் திருப்பி அனுப்பி வருகிறேன். இருந்தாலும் வாய் கொடுத்தாகிவிட்டது. இனி வாய் திறந்துதான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமை கேரட்.

"சாப்பிடு கண்ணு. கண்ணுக்கு நல்லது."

"நீங்கதானப்பா கண்ணாடி போட்டிருக்கீங்க?"

சாப்பிட்டேன்.

"அம்மா, அப்பா மெல்லாம முழுங்கறாரு!"

மென்றேன். அதன்பின் பேரம் நடந்தது. நான் மூன்று துண்டு சாப்பிட்டால் அவள் ஒன்று. அவள் ஐந்தில் ஆரம்பிக்கவில்லையே என்று மகிழ்ந்தேன். செவ்வாய்க்கிழமை பீட்ரூட்டுக்கு அது ஐந்தாயிற்று.

புதன்கிழமை கீரை. அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

வியாழக்கிழமை முட்டைக்கோஸ். "நானே கழுவினேன்ப்பா" என்று அவளே கரண்டியால் அள்ளி வைத்தாள். நான் தயங்கியதும் அவள் உதடு லேசாகப் பிதுங்கியது. பெற்ற மனம் கேட்குமா? இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பீன்ஸ். பேச்சு சுவாரசியத்தில் "இன்னும் கொஞ்சம் போடு" என்று சொல்லிவிட்டேன். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் தட்டும் அன்று காலி.

சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். வெற்றி வீரனாகப் போய் வகுப்பு ஆசிரியை முன்னால் உட்கார்ந்தேன்.

"இந்த வாரம்தான் டீச்சர், காய் சாப்பிடப் பழக்கியிருக்கேன்."

"யாரை?"

"என் பொண்ணைத்தான்."

"இவளையா?" ஆசிரியை குழம்பிப் போனார். "பக்கத்துல இருக்கற பிள்ளைங்க டப்பாவுல மிஞ்சற காயையும் வாங்கிச் சாப்பிடுவாளே!"

மனைவி பக்கம் திரும்பினேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியையின் முகம் தெளிந்தது. "ஓ, அந்த அப்பா நீங்கதானா!"

மகள் தட்டில் காயை நகர்த்தியதைத்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன். வீட்டில் வேறொருவர் காய் நகர்த்தியது தெரியவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "வீட்டுல இவ சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லையே?"

"நீங்க ஆள் பிடிக்கக் கிளம்பினதும் சாப்பிடுவா."

"என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே?"

"காய் சாப்பிடுங்கன்னு டாக்டர் உங்ககிட்ட நேராத்தான் சொன்னாரு, ரெண்டு தடவை. நான் தினமும் சொன்னேன். கேட்டீங்களா?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்க நல்லா இருக்கணும்ல?"

மூவரும் தெருமுனை வரை நடந்தோம். அங்கே மகள் கையைப் பிடித்து இழுத்தாள். என் கையை அல்ல, அவள் அம்மா கையை.

"அம்மா, அப்பாதான் பழகிட்டாரே, இனிமே நான் அவர் முன்னாடியே வயிறு நிறைய பீன்ஸ் சாப்பிடலாமா?"