ஆமா, ஆமா

"வாசல்ல ஒரு கிடா நிக்குது. நம்ம கார்ல கட்டியிருக்கு," என்றாள் ஐலீன்.

ஃபர்கர் கெடஸ் எட்டிப் பார்த்தார். கறுப்பு மூஞ்சியும் வளைந்த கொம்புமாக நின்று, அது காரின் வைப்பரை மென்றுகொண்டிருந்தது.

"நேத்து வீட்டுக்காரர் வாட்டி உங்ககிட்ட என்னவோ சொன்னாரே. என்னன்னு கேட்டதுக்கு, நாளைக்கு வெயிலடிக்கும்னு சொல்றார்னீங்க."

"வெயிலும்தான் அடிக்குது."

எடின்பரோவில் பிறந்து வளர்ந்து, விடுமுறைக்கு இந்த வடக்கு ஸ்காட்லாந்துக் கிராமத்தில் வாடகைக்கு வீடெடுத்திருந்த ஃபர்கருக்கு, வாட்டி பேசியதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் தாத்தா இதே பக்கன் சீமைக்காரர், இந்த ஊர்ப்பேச்சு என் ரத்தத்தில் ஊறியது என்று முப்பது வருஷமாகப் பீற்றிக்கொண்ட மனுஷன், இப்போது எந்த வாயால் அதைச் சொல்வார்? போதாக்குறைக்கு ஐலீனோடு பந்தயம் வேறு. புரியவில்லை என்று ஒப்புக்கொண்டால், அடுத்த வருஷ விடுமுறை ஸ்பெயினில், ஐலீனின் அக்காவோடு. அந்த அம்மாளோடு இரண்டு வாரம் இருப்பதற்கு இந்தக் கிடாவோடு குடித்தனமே நடத்தலாம்.

கிடாவை இழுத்துக்கொண்டு எதிரே பண்ணை வீட்டுக்குப் போனார். வாட்டி ஓட்ஸ் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, மலையைக் காட்டி, ரோட்டைக் காட்டி, கடகடவென்று ஏதோ பொரிந்தார்.

"ஆமா, ஆமா," என்றார் ஃபர்கர்.

வாட்டி முதுகில் தட்டிக்கொடுத்து, ஒரு மூட்டைத் தீவனத்தையும் தோளில் ஏற்றி அனுப்பினார்.

"திருப்பிக் கொடுக்கத்தானே போனீங்க?" என்றாள் ஐலீன்.

"அதுக்கு நம்ம மேல பாசம் வந்துடுச்சாம். அப்படித்தான் சொல்றார்."

மத்தியானம் மறுபடி போனார். செத்தாலும் ஆமா போடுவதில்லை என்ற தீர்மானத்தோடு, வாட்டி கேட்டதற்கெல்லாம், "இல்ல, இல்லவே இல்ல," என்றார்.

வாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு வந்து, கிடாவை ஃபர்கரின் காரில் பின்சீட்டில் ஏற்றி, தானும் முன்சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

ஐலீன் கையில் போனோடு வாசலுக்கு வந்தாள். "அவர் சொன்னது நிஜமா புரிஞ்சுதா? இல்ல, அக்காவை டிக்கெட் போடச் சொல்லட்டுமா?"

ஃபர்கர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார். "வார்த்தைக்கு வார்த்தை புரிஞ்சுது. சுத்தமான பக்கன் பேச்சு. எங்க தாத்தா பேசுற மாதிரியே இருந்துச்சு."

அதற்குள் வாட்டியின் மனைவி ஜெஸ்ஸி ஈரக்கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். அவளும் எடின்பரோவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான்.

"ரொம்ப உபகாரம் சார். கிடாவை ஆட்டுக் கண்காட்சியில இறக்கிட்டு, இவரைப் பல் டாக்டர்கிட்ட விட்டுடுங்க, பல்செட்டை அந்தக் கிடாதான் மிதிச்சு நொறுக்கிடுச்சு," என்றவள், ஃபர்கரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நாலு நாளா இவர் பேசுறது எனக்கே ஒரு எழுத்துப் புரியல, சிலேட்டுல எழுதித்தான் காட்டறார், உங்களுக்கு மட்டும் எப்படி சார் வார்த்தைக்கு வார்த்தை புரிஞ்சுது?"