பச்சை கவுன்காரி ஏன் செத்தாள்?

“அத்தான், உங்களுக்கு இத்தாலியன் தெரியும்தானே?”

மைத்துனி போனில் இப்படிக் கேட்டபோது அவர் வாய் நிறையப் பற்பசை நுரை. “ம்ம்?” என்றார், என்ன கேட்கிறாய் என்ற அர்த்தத்தில். அது அந்தப் பக்கம் ஆமாம் என்று போய்ச் சேர்ந்துவிட்டது.

“அப்பாடா! படத்துக்கு சப்டைட்டில் வரல அத்தான். வெறும் இத்தாலியன்தான் இருக்கு. நீங்க ஓரமா உக்காந்து மைக்ல சொல்லிருங்க. மத்தியானம் ஷோ. கொஞ்சம் முன்னாடியே வந்துருங்க.”

நுரையைத் துப்பிவிட்டு வருவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவருக்கு இத்தாலியன் தெரியாது. வீட்டுக்குக் காபி மெஷின் வாங்கிய புதிதில், அதோடு வந்த புத்தகத்தின் இத்தாலியப் பக்கத்தைக் குடும்பத்தார் முன் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு ஓட்டி, கடகடவென்று அர்த்தம் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் அதே விஷயம் தெரிந்த மொழியில் இருந்தது. வாயைப் பிளந்து கேட்டவர்களில் மைத்துனியும் ஒருத்தி.

“தெரியாதுன்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்” என்றார் மனைவியிடம்.

“சொல்லிப் பாருங்க. போன மாசம் நீங்க பண்ணின காரியத்துக்கு, இன்னைக்குத்தான் அவ உங்ககிட்ட நேரா வாயத் திறந்திருக்கா.”

உண்மைதான். மைத்துனி மருந்துக்கடை நடத்துகிறாள். பகலெல்லாம் இருமலுக்கும் சளிக்கும் மருந்து எடுத்துக் கொடுப்பவளுக்கு, ஓய்வு கிடைத்தால் ரத்தம் வேண்டும். இத்தாலியப் பேய்ப்படங்கள் என்றால் உயிர். நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சின்னத் திரைப்படச் சங்கம் வைத்து அவற்றைப் போடுகிறாள். போன மாதப் படத்தில் கதாநாயகி திறந்திருக்கும் கதவை விட்டுவிட்டு, ஜன்னலை உடைத்துக்கொண்டு குதித்தாள். “கதவு திறந்துதானே இருக்கு, ஏன்?” என்று இருட்டில் இவர் உரக்கக் கேட்டுவிட்டார். அரங்கம் சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கொலைக்கும் யாராவது ஒருவர் “ஏன்?” என்றார்கள். படம் முடிவதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து மைத்துனி, இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும், “அக்கா, அத்தானுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு” என்றுதான் பேசினாள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களை விசாரிக்கிற வேலை. கடை எரிந்தது என்றால் ஏன் எரிந்தது, வண்டி குளத்தில் விழுந்தது என்றால் ஏன் அந்தக் குளத்தில் விழுந்தது என்று கேட்டுக் கேட்டு, ஆபீசில் அவருக்கு ஏன்சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“இன்னைக்கும் ஜனங்க எழுந்து போனா, ஹாலை செஸ் ஆடறவங்களுக்குக் கொடுத்துடுவேன்னு நூலகர் சொல்லிட்டாராம்” என்றாள் மனைவி. “என் தங்கச்சி ராத்திரியெல்லாம் தூங்கல.”

ஏன்சார் ஒரு வழி கண்டுபிடித்தார். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிடலாம். நூலகத்தின் படிகளில் இறங்கும்போதே கழுத்தைப் பிடித்துக்கொண்டு, “குரலே வரலம்மா” என்று காற்றாகப் பேசினார்.

மைத்துனியின் முகம் மலர்ந்தது. “ஐயோ அத்தான், இந்தக் குரல்தான் வேணும்! பேய்ப்படத்துக்கு இப்படித்தான் பேசணும்.” கைப்பையிலிருந்து மாத்திரை ஒன்றை எடுத்து அவர் வாயில் போட்டாள். கசப்பு காதுவரை ஏறியது.

கீழ்த்தளம் நீளமான அறை. சுவரெல்லாம் பழைய தினசரிகளின் கட்டுகள். திரைக்கு இடப்பக்கம் ஒரு மேசை, ஒரு மைக், சிவப்புத் துணி சுற்றிய விளக்கு. அந்தச் சிவப்பில் அவருடைய கைகளே யாரையோ கொன்றுவிட்டு வந்த கைகள்போல் இருந்தன. நாற்காலிகள் நிரம்பியிருந்தன. போன மாதம் சிரித்தவர்களும் வந்திருந்தார்கள், மறுபடி சிரிக்கலாம் என்று.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு ரயில் நிலையம். மூடுபனி ஊதா நிறத்தில் இருந்தது. வெள்ளை உடையில் ஒரு பெண் இறங்கி, சுமைதூக்கியிடம் ஏதோ சொன்னாள்.

“மணி என்னங்க?” என்றார் ஏன்சார், மைக்கில்.

சுமைதூக்கி விம்மி விம்மி அழுதான்.

மணி கேட்டதற்கா ஒருவன் அழுவான்? அடுத்த நொடி சுமைதூக்கி சட்டையைத் திறந்தான். அவன் மார்புக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, முட்கள் ரத்தத்தில் நனைந்திருந்தன.

“ஓ!” என்றது அரங்கம். முன்வரிசையில் ஒருவர், “அதான் மணி கேட்டுச்சா பொண்ணு!” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

ஏன்சாருக்குத் தைரியம் வந்தது. தெரிந்த தொழிலைச் செய்வோம் என்று, விசாரணையைத் தொடங்கினார். அந்தப் பெண் மாளிகைக்குப் போனாள். அங்கே மீசைக்காரர் ஒருவர் இருந்தார். “நான்தாம்மா உன் சித்தப்பா. உன் பேர்ல பெரிய பாலிசி ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன்.” லிஃப்டுக்குள் தண்ணீர் நிறைந்து ஒரு வழக்கறிஞர் மூழ்கிச் செத்தார். “பாலிசியில கையெழுத்து பொய்னு இவருக்குத் தெரிஞ்சுபோச்சு.” தலையணையின் இறகுகளெல்லாம் ஊசிகளாக மாறி ஒரு சமையல்காரியைக் குத்தின. “அவ சாட்சி.”

ஒவ்வொரு கொலைக்கும் ஒரு காரணம். அரங்கம் திருப்தியாகத் தலையாட்டியது. மைத்துனி மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

மூன்றாவது கொலையில்தான் சிக்கல். கண்ணாடிச் சுவர்கள் கொண்ட தோட்ட வீட்டில், பச்சை கவுன் போட்ட ஒரு பெண். கறுப்புக் கையுறை அணிந்த இரண்டு கைகள் அவளை நெருங்கின, கைகளுக்குப் பின்னால் ஆளே இல்லை. அவள் பேச ஆரம்பித்தாள். பேசினாள், பேசினாள், நிறுத்தவே இல்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

ஏன்சாரும் நிறுத்தவில்லை. “நான் உங்க முதல் மனைவி. என்னை இந்தக் கண்ணாடி வீட்டுல பூட்டி வெச்சீங்க. செடிங்ககூடப் பேசிப் பேசி எனக்கு மனுஷங்க பாஷை மறந்துபோச்சு. என்னைக் கொல்லுங்க, ஆனா ஜன்னலை மட்டும் திறந்து வெச்சுட்டுப் போங்க. செடிங்களுக்குக் காத்து வேணும்…”

பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவருக்கே தொண்டை அடைத்தது, இந்த முறை நிஜமாக. பச்சை கவுன்காரியின் கழுத்து அறுபட்டது. செம்பருத்தி நிறத்தில் ரத்தம் கொப்பளித்து, கீழே சொட்டாமல், எறும்புபோல மாடிப்படிகளில் ஒவ்வொன்றாக ஏறிப்போய், மேலே ஒரு கதவைத் தட்டியது.

படம் அதோடு விட்டிருந்தால் ஏன்சார் பிழைத்திருப்பார். அடுத்த காட்சி கல்யாண விருந்து. ஆடுகிறவர்களின் பின்வரிசையில் பச்சை கவுன்காரியும் ஆடிக்கொண்டிருந்தாள்.

“சார், அந்தம்மா செத்துட்டாங்களே?” என்றார் முன்வரிசைக்காரர்.

“அது… அவ தங்கச்சி. ரெட்டைப் பிறவி.”

ஆடியவள் திரும்பினாள். கழுத்தில் அதே வெட்டு.

“தங்கச்சிக்கும் வெட்டு இருக்கே?”

“பிறவித் தழும்பு!”

எங்கோ ஒரு மூலையில் முதல் சிரிப்பு வெடித்தது. அது வரிசை வரிசையாகப் பரவியது. பிறகு தங்கச்சி வாசல் வழியாக வெளியே போனாள், மாடியிலிருந்து மறுபடி பச்சை கவுனில் இறங்கி வந்தாள். “ரெண்டாவது தங்கச்சியா சார்?” என்று ஒருவர் கேட்டார். நூலகர் கதவருகே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்ல வேளையாக இடைவேளை வந்தது.

ஏன்சார் எழுந்து, பின்பக்கம் தெரிந்த கதவைத் திறந்துகொண்டு நழுவினார். அது வெளியே போகிற வழி இல்லை, பழைய புத்தகங்கள் அடுக்கிய அறை. உயரத்தில் இருந்த சின்ன நிறக் கண்ணாடி வழியாக மஞ்சள் வெயில் விழுந்து, தூசி மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. மைத்துனி ஏற்கெனவே அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் அத்தான் இவ்வளவு காரணம் சொல்றீங்க?” அவள் கோபமாகக் கேட்கவில்லை. “இந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை பாத்துட்டேன். பாஷை தெரியாமத்தான் பாத்தேன். எனக்கு ஒரு காரணமும் தேவைப்படல.”

“காரணம் இல்லாம எப்படிம்மா? ஒருத்தி சாகறா, மறுபடி வர்றா…”

“உங்க கனவுல எங்க அப்பா வந்திருக்காரா?”

மாமனார் வந்திருக்கிறார். போன வாரம்கூட, ஏன்சாருடைய ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, ஈரக்குடையை மடியில் வைத்துக்கொண்டு பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

“வந்தா, நீங்கதான் செத்துட்டீங்களேன்னு கேட்டு அனுப்பிடுவீங்களா அத்தான்? நான் கேக்க மாட்டேன். கேட்டா போயிடுவாரு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்பா போனதுக்கப்புறம்தான் நான் இதெல்லாம் பாக்க ஆரம்பிச்சேன். இந்தப் படங்கள்ல யாரும் முழுசா போறதே இல்ல.”

அவருக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. “இங்க பாரும்மா, எனக்கு இத்தாலியன்…”

“ஆமா, சொல்ல மறந்தேன். கடைசி வரிசையில ஒரு பாட்டு டீச்சர் வந்து உக்காந்திருக்காங்க. வயசானவங்க. சொந்த ஊரே இத்தாலி. கல்யாணம் பண்ணிட்டு இங்க வந்தவங்க. நம்ம போஸ்டரைப் பாத்துட்டு வந்தாங்களாம். நீங்க பேசப் பேச உங்களையே பாத்துட்டிருக்காங்க. படத்தையே பாக்கல.”

ஏன்சாருக்குப் புரிந்துவிட்டது. இனி தப்பிக்க முடியாது. படம் முடிந்ததும் அந்தம்மா எழுந்து நின்று, இந்த மனிதருக்கு ஒரு வார்த்தை தெரியாது என்று சொல்லப்போகிறார். மைத்துனி, நூலகர், செஸ் பலகைகள் எல்லாம் கண்முன் வந்துபோயின.

இரண்டாம் பாதி தொடங்கியது. மேசைக்குப் போய் உட்கார்ந்தார். மாட்டிக்கொள்வது உறுதி என்று ஆனபிறகு ஒரு விநோதமான நிம்மதி வந்தது. அவர் திரையை முதல்முறையாகப் பார்த்தார், விசாரிக்காமல் பார்த்தார்.

நீலமான ஒரு நடைகூடம். அதன் கோடியில் ஒரு பியானோ. மூடியைத் திறந்தபோது உள்ளே கம்பிகளுக்குப் பதில் நரம்புகள், யாரும் தொடாமலே அதிர்ந்தன. கொட்டிய ரத்தத்தில் வானம் தெரிந்தது. அவருக்கு அருவருப்பு வந்தது, அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது சுவரில் ஓடிய நிறங்கள் ஞாபகம் வந்தன. அப்போது அவர் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை.

பச்சை கவுன்காரி நடைகூடத்தில் வந்தாள். யாரோ களுக்கென்றார்கள்.

“அவ தங்கச்சி இல்ல” என்றார் ஏன்சார் மெதுவாக. “நான் தப்பா சொல்லிட்டேன். அது அவளேதான்.”

அரங்கம் அமைதியாயிற்று.

“இந்த வீடு தூங்கிட்டிருக்கு. இவங்க எல்லாரும் வீட்டோட கனவுல வந்தவங்க. அவ செத்தது வீட்டுக்கு ஞாபகம் இல்ல. அதான் அவளைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுது. யாரும் அவகிட்ட, நீ செத்துட்டேன்னு சொல்லிடாதீங்க.”

யாரும் சொல்லவில்லை. திரையில் உதடுகள் அசைந்தபோதெல்லாம் அவர் மனதில் வந்ததைச் சொன்னார். வழக்கறிஞர் ஈரத்தோடு வந்து விருந்தில் உட்கார்ந்தார், “குடையை எங்க வைக்கறது?” என்று கேட்டார். சமையல்காரி உடம்பெல்லாம் இறகு முளைத்து மேசைக்கு மேலே பறந்தாள். வெள்ளை உடைக்காரி மீசைக்காரரின் முகத்தைத் தோல்போல உரித்தாள்; அதற்குள்ளே அவளுடைய முகமே இருந்தது, ரத்தமும் சதையுமாகச் சிரித்தது. மூக்கை மூடிக்கொண்டவர்கள்கூடக் கண்ணை மூடவில்லை. வீட்டின் சுவர்கள் மூச்சு விட்டன. கடைசியில் பச்சை கவுன்காரி கேமராவைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள்.

“இருங்க” என்றார் ஏன்சார். “போகாதீங்க.”

திரை வெள்ளையாயிற்று. யாரும் எழுந்து போகவில்லை. பிறகு முன்வரிசைக்காரர் கைதட்டினார், அப்புறம் எல்லாரும். நூலகர் வந்து, “அடுத்த மாசம் எந்தப் படம்?” என்று மைத்துனியிடம் கேட்டார். மைத்துனி பதில் சொல்லாமல் தண்ணீர் டம்ளரோடு நேராக ஏன்சாரிடம் வந்து, “அத்தான், தண்ணி வேணுமா?” என்றாள். அவர் கண் கலங்கிப்போனார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பாட்டு டீச்சர் வந்தார். வெள்ளை முடி, நிமிர்ந்த கழுத்து, ஒரு கையில் தடி. மேசைக்கு எதிரே நின்று அவரையே பார்த்தார். ஏன்சார் எழுந்தார். வருவது வரட்டும்.

“அம்மா, என்னை மன்னிச்சிருங்க” என்றார், எல்லார் காதிலும் விழும்படி. “எனக்கு இத்தாலியன்ல ஒரு வார்த்தைகூடத் தெரியாது. நான் சொன்னது மொத்தமும் புளுகு.”

மைத்துனியின் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் சாய்ந்தது.

“தெரியும்” என்றார் அந்த அம்மாள். அவர் கண்கள் ஈரமாக இருந்தன. “அந்தப் பச்சை கவுன்காரி நான்தான் சார். ‘வசனத்தை அப்புறமா எழுதி சேத்துக்கலாம், இப்போதைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே அழும்மா’ன்னு டைரக்டர் சொன்னார்; இன்னைக்குத்தான் நீங்க சேத்தீங்க.”