அப்பாவின் காருக்கு மீட்டர் வைத்த விவரம்

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, தம்பி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும், அத்தானின் இருமல் நின்றிருக்கும் என்று நம்பி மேலே எழுதுகிறேன். இல்லையென்றால் இதை ஒரு வாரம் கழித்துப் படிக்கவும். ஏனென்றால் இதில் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். முப்பத்தெட்டு வருடமாக நீ காத்திருந்தது. உடம்பு நன்றாக இருக்கும்போது அனுபவிக்க வேண்டியது.

போன முறை வந்தபோதும் சாப்பாட்டு மேசையில் அதையே ஆரம்பித்தாய். அப்பா பெட்ரோலை மிச்சம் பிடிக்கக் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி வண்டியைப் பட்டினி போட்டார், அதனால்தான் உன் முதல் இன்டர்வியூ அன்று மேட்டில் வண்டி நின்றது, புதுப் புடவையோடு நீ என்னோடு இறங்கித் தள்ளினாய், பிறகு பஸ்ஸுக்கு ஓடினாய், போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். நான் வழக்கம்போல அப்பா பக்கம் பேசினேன். நீ வழக்கம்போலக் கோபித்துக்கொண்டு ரசத்தை வேண்டாம் என்றாய். நீ போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த ஸ்க்ரூவை அப்பாவுக்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. திருகியதும் அதன் தலையில் சிவப்புப் பெயின்ட் ஒரு சொட்டு வைப்பாரே, அது அப்படியே இருக்கிறது. காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலக்கின்றன என்று காட்டுவதற்கு இப்போது ஒரு மீட்டர் கிடைக்கிறது. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று விரல் கனத்தில் ஒன்றைச் செருகினால், அது புகையை மோந்து பார்த்து மீட்டருக்குச் சொல்லும். ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலு புள்ளி ஏழு பங்கு காற்று என்றால் சரி. அதற்கு மேலே போனால் பட்டினி. வாங்கிவிட்டேன்.

நம் தெருமுனை மெக்கானிக்கிடம் போய், மேட்டில் வண்டி நின்ற கதையைச் சொன்னேன். ஒரு போல்ட்டைக் கழற்ற அரைநாள் எடுத்துக்கொள்வதால் எல்லோரும் அவரைப் 'பொறுமை' என்றே கூப்பிடுகிறார்கள். அவர் புகைக்குழாயைத் துளைத்து, சென்சாரைப் பிடிக்க ஒரு நட்டை வெல்டிங் வைத்தார். உன் தம்பி பெண்டாட்டி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் ஓடின கிழத்துக்கு இப்ப போய் மூக்கு குத்துறீங்களே" என்றாள். மீட்டருக்கு மின்சாரத்தை வைப்பர் ஒயரிலிருந்து எடுத்துவிட்டார் பொறுமை. ஆகவே மீட்டர் ஓடினால் வைப்பரும் ஓடும். கொளுத்தும் வெயிலில் வைப்பர் ஆட ஆட நான் தெருவில் போக, எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து கையை நீட்டிப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் யாரோ கையாட்டினார்கள்; மீட்டர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் நானும் மரியாதைக்குக் கையாட்டிவிட்டுப் போனேன். அது உன் தம்பி பெண்டாட்டி. இரண்டு பை நிறையக் காய்கறியோடு நடந்தே வீட்டுக்கு வந்தாள். அந்தக் கதையை அவளே உனக்கு எழுதுவாள்.

முள் பதினேழரையில் நின்றது, அக்கா. பொறுமை எட்டிப் பார்த்தார். "பெட்ரோல் போதலை சார். வெறும் காத்தைக் குடிச்சுத்தான் ஓடுது" என்றார்.

வண்டியை ஷெட்டில் விட்டும் இறங்க மனம் வரவில்லை. வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட் தொடையில் ஒட்டிக்கொள்ளுமே, அது இன்னும் ஒட்டுகிறது. ஜன்னல் ஓரத்துக்கு நாம் அடித்துக்கொள்ளும்போது அப்பா விரலைத் தூக்குவார். "உஷ், இன்ஜின் என்னமோ சொல்லுது." "என்னப்பா சொல்லுது?" என்பாய் நீ. "பின்னாடி ரெண்டு பேரும் வாயை மூடணுமாம்." சிரித்துக்கொண்டே ஓட்டிய அந்த மனுஷர் வண்டியைப் பட்டினி போட்டுத்தான் ஓட்டினார் என்று மீட்டர் சொல்கிறது. நீ சொன்னதே சரி. இத்தனை வருடம் உன்னோடு மல்லுக்கு நின்றதற்கு மன்னித்துக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரனுக்கு என் முத்தம். பல் முளைத்திருந்தால் தூரத்திலிருந்தே கொடு. உன் முழங்காலுக்கு என் தனி விசாரிப்பு.

இப்படிக்கு,
தோற்றுப்போன தம்பி

பி.கு.: கவரை ஒட்டிய பிறகு பொறுமை வந்தார், அதனால் கிழித்து இதை எழுதுகிறேன். "சார், வெல்டிங் பக்கத்துல ஒரு பொத்தல் விட்டுட்டேன். அது வழியா வெளிக்காத்து உள்ள போயிருக்கு. சென்சாருக்கு எது தெருக்காத்துன்னு தெரியுமா பாவம்" என்றார். அடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினோம். முள் பதினாலு புள்ளி ஏழில் போய் நின்றது. அணைத்து அணைத்து மூன்று முறை பார்த்தோம், அங்கேயேதான் நின்றது.

"மீட்டர் இல்லாம யாரு சார் இவ்வளவு கரெக்டா வெச்சது?"

"எங்கப்பா. காதாலேயே கேட்டு."

"அப்ப அன்னைக்கு மேட்டுல ஏன் சார் நின்னுச்சு? டாங்க்ல பெட்ரோல் இருந்துச்சா?"

இல்லை அக்கா. முந்தின நாள் அப்பா வெளியூர் போயிருந்தபோது, சிநேகிதர்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் முழுக்க ஊரைச் சுற்றினேன். பெட்ரோல் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நீ பஸ்ஸுக்கு ஓடிய பிறகு அப்பா டாங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூடியைத் திருகிவிட்டு, "அக்கா கேட்டா கார்புரேட்டர்னு சொல்லு" என்றார். அன்று ராத்திரி நீ அழுதுகொண்டே கத்தியபோது அவரும் அதையேதான் சொன்னார். கடைசிவரை வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த மீட்டர் பழியை அவர்மேல் போட்டபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வேறு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, அதைக் கடிதத்தில் கேட்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காரிலேயே வருகிறேன். டாங்க்கை நிரப்பிவிட்டேன்.